வேர்க் கட்டணம்

மனைவியின் வேர் அளவு ஐந்திலிருந்து ஏழுக்கு ஏறிய அன்றைக்குத்தான் ஜெபசிங் முதன்முறையாக அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்தான். எப்சி குளித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் சீப்பு, பாதி தின்ற கடலை மிட்டாய், மருத்துவமனை அடையாள அட்டை, தலைவலி மாத்திரை. அடியில் சுற்று ரயிலின் பயணச்சீட்டுகள் நான்கு. நான்கும் புதன்கிழமை. நான்கும் பிற்பகல் மூன்று மணி.

அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் சுற்று ரயில் ஓடவில்லை. பேருந்துதான். சீட்டுகளை இருந்த வரிசையிலேயே வைத்துப் பையை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றபோது செய்தி பார்க்கிறவனைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நவ்ரா, கடலைத் தூர்த்துக் கட்டிய நாடு. அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள். அந்த ஒன்பது பேர் இல்லாவிட்டால் மின்தூக்கி ஓடாது, மருந்து கிடைக்காது, பிணம்கூடப் புதைபடாது. ஆனால் அவர்களில் ஒருவரும் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பதில் நவ்ரா குறியாக இருந்தது. விமான நிலையத்தில் இறங்கியதுமே இடது காறை எலும்புக்குக் கீழே பாசிப்பயறு அளவில் ஒரு வில்லையைத் தோலுக்குள் வைத்துவிடுவார்கள். அது நாடியைப் பார்க்கும், தூக்கத்தைப் பார்க்கும், ரத்தத்தில் என்ன சுரக்கிறது என்று பார்க்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லும். இந்த ஆளை நாளைக்கே கிளம்பு என்றால் உடம்பு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதுதான் அந்த எண். அதற்கு வேர் அளவு என்று பெயர். வசிப்பு அனுமதிக் கட்டணம் அந்த எண்ணை வைத்துத்தான். இரண்டு என்றால் ஒரு வாரக் காய்கறிச் செலவு. ஏழு என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பதைத் தொட்டால் கட்டணமே கிடையாது. முப்பது நாளில் விமானம்.

இதனால் அந்த ஊரில் மனிதர்கள் பழகுகிற விதமே மாறிப்போயிருந்தது. யாரும் தொட்டிச் செடி வளர்ப்பதில்லை. மாடிப்படிப் பூனைக்கு ஆறு மாதம் பால் ஊற்றிய ஒரு பிலிப்பைன்ஸ்காரருக்கு அளவு இரண்டு கூடிவிட்டது என்று சொல்லிச் சொல்லி, பூனைகளைக் கண்டாலே ஆட்கள் விலகி நடந்தார்கள். சொந்த ஊரை நினைத்து ஏங்கக் கற்றுத்தர வெள்ளிக்கிழமை வகுப்புகள் நடந்தன. கணவனின் பேரில் வந்த மனைவிக்கு வரும் எண் கணவனின் கைபேசிக்குத்தான் போகும். அதனால் மனைவிகளின் எண்ணைப் பற்றி ஆண்கள் பேசிக்கொள்ளும் தனிப் பேச்சு ஒன்றும் வளர்ந்திருந்தது.

"ஏழா?" என்றான் பொன்னுசாமி. ஊரின் கட்டடங்களைக் குளிர வைக்கும் குளிர்நீர் ஆலையில் ஜெபசிங்குக்குப் பக்கத்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன், தாராபுரத்துக்காரன். "நெசமாலுமா? என்ர சம்சாரத்துக்கு மூணு தானுங்க."

"வேலை பிடிச்சுப் போச்சு போல."

"ஆஸ்பத்திரில கத்திரிக்கோல் கழுவற வேலைங்க அது. அது எப்படிங்க புடிக்கும்?" பொன்னுசாமி இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தப்பா நெனைக்காதீங்க. ஏழத் தொட்டுச்சுன்னா இந்த ஊரை விட்டுப் போக மனசு வராத அளவுக்கு ஒருத்தரு இருக்காருன்னுதான் இங்க எல்லாரும் சொல்றது."

ஜெபசிங் சிரித்து வைத்தான். எட்டு வருடமாக அவனுடைய அளவு இரண்டைத் தாண்டியதில்லை. நாசரேத்தில் வீடு, அம்மா, அண்ணன் தவசிங். அங்கே போய்ச் சேருவதற்காகத்தான் இங்கே இருக்கிறோம் என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. எப்சியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தான். கல்யாணமாகி ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் அவள் நாசரேத்தில் அவனுடைய வீட்டில் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு கம்பெனி குடும்ப அனுமதி தந்ததும் அழைத்துக்கொண்டான்.

அன்று சாப்பிடும்போது கேட்டான்.

"ஒனக்கு ஏழு வந்துருக்கு."

எப்சியின் கை ரசத்தில் அப்படியே நின்றது. "அவ்வளவா?"

"ஏன்னு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? மிஷின் சொல்லுது."

"மிஷின் சும்மா சொல்லாது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழாயடியில் நின்றபடி, "நான் வேணும்னா இன்னும் ஒரு வேலை சேத்துப் பாக்கேன். கட்டணத்தைக் கட்டிருவோம், அத்தான்" என்றாள். இங்கேயே இருப்பதற்கு இவ்வளவு ஆசையா என்று அவனுக்கு இன்னும் குடைந்தது.

அடுத்த புதன்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி மதியமே ஆலையிலிருந்து கிளம்பினான். மருத்துவமனைக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான். இரண்டே முக்காலுக்கு எப்சி வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்தாள். நிலையத்துக்குள் போனாள். இருபது ஆள் இடைவெளி விட்டு அவனும் போனான்.

அவள் ஏறியது பெண்கள் பெட்டி. அவன் அடுத்த பெட்டியில் ஏறி, நடுவில் இருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபடி நின்றான். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது அவள் எழுவாள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டான். துறைமுகம் வந்தது. எழவில்லை. தங்கச் சந்தை வந்தது. எழவில்லை. அவள் நெற்றியைச் சன்னல் கண்ணாடியில் சாய்த்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியைக்கூட எடுக்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் ரயில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய இடத்துக்கே வந்து நின்றது. அவள் இறங்கிப் பேருந்துக்குப் போனாள்.

யாரும் வரவில்லை. யாரோடும் பேசவில்லை. அதுதான் அவனை இன்னும் கலக்கியது. தன்னைக் கவனித்துவிட்டாளோ? வரவேண்டியவன் வரவில்லையோ? அதற்குப் பிறகு மூன்று புதன்கிழமைகள் விதவிதமான பொய் சொல்லி வேலையிலிருந்து வந்தான். மூன்று முறையும் அதே சன்னல், அதே கடல். வீட்டில் அவளுடைய தலையணையை முகர்ந்து பார்த்தான். அவள் சிரித்தால் எதற்கு என்று யோசித்தான், சிரிக்காவிட்டாலும் யோசித்தான்.

அடுத்த காலாண்டில் எட்டு வந்தது.

வசிப்பு அனுமதி மண்டபத்தில் பதினான்காம் சாளரம் தமிழ்க்காரர்களுக்கானது. மைதிலி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, குளிரூட்டியோடு சண்டை பிடிப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"விரிவான அறிக்கை வேணும்" என்றான் ஜெபசிங். "எந்த நாள், எத்தனை மணிக்கு ஏறுச்சுன்னு."

"கணவர் கேட்டால் குடுக்கலாம். சட்டத்தில இருக்கு." மைதிலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனால் அண்ணா, கேட்டால் மறுகணக்கும் தன்பாட்டில நடக்கும். இப்ப எட்டு. மறுகணக்கில ஒன்பது வந்தால் நான் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?"

"எட்டுக்கு மேல வராது."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்கு உண்மை தெரியணும்."

அவள் பெருமூச்சு விட்டுப் படிவத்தைத் தள்ளினாள். ஜெபசிங் கையெழுத்துப் போட்டான். அந்த நேரத்தில் அவனுக்கு அது கணவனுடைய உரிமை என்று மட்டுமே தோன்றியது.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மைதிலி தாளைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாற்போல் நிமிர்த்திக் காட்டினாள். மூன்று மாதமும் ஒரே நீளக் கோடாக இருந்தது. நடுநடுவே முள் குத்தினாற்போல மேலே எழும்பிய உச்சிகள்.

"புதன்கிழமை மூணு மணி எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"இஞ்ச பாருங்கோ." அவள் விரல் வைத்த இடத்தில் கோடு தரையோடு படுத்திருந்தது. "வாரத்திலயே அவ அமைதியா இருக்கிற நேரம் அதுதான். நித்திரையிலகூட இப்பிடி இல்லை."

"அப்ப உச்சியெல்லாம் எப்ப?"

"எல்லாம் ஒரே கிழமை. ஞாயிறு. அஞ்சு மணி அஞ்சு நிமிசத்தில ஏறுது, அஞ்சே முக்காலுக்குத்தான் இறங்குது."

ஞாயிறு! ஜெபசிங்குக்குக் காது சூடாகியது. கடைசியில் பிடித்துவிட்டோம் என்ற ஒரு கேவலமான சந்தோஷம்கூட ஒரு நொடி வந்தது. ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் எங்கே போகிறாள் என்று யோசித்தான். எங்கேயும் போகவில்லை. சோபாவில், அவனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்த நேரம் அவ எங்கூடத்தான் இருப்பா" என்றான்.

"இருந்து என்ன செய்வீங்கள்?"

"ஊருக்கு வீடியோவுல பேசுவோம். எங்க வீட்டுக்கு."

மைதிலி தாளைக் கீழே வைத்தாள். "மூண்டு ஞாயிறு ஏறவே இல்லை. அண்டைக்கு நீங்கள் கதைக்கேல்லையோ?"

அவள் சொன்ன தேதிகளை அவன் கைபேசியில் தேடினான். மூன்று நாளும் பேசியிருக்கிறார்கள். அம்மா பேசியிருக்கிறாள், அண்ணி பேசியிருக்கிறாள். ஒருநாள் தவசிங் அண்ணன் லாரியோடு மதுரைக்குப் போயிருந்தான். மற்ற இரண்டு நாளும் கோயம்புத்தூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான். மூன்று நாளும் அண்ணன் திரையில் இல்லை.

ஜெபசிங் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டான்.

"இது... இங்க இருக்க ஆசைன்னுதான அர்த்தம்?"

"அப்பிடி நாங்கள்தான் சொல்லிக்கொண்டு திரியிறம். மிசின் ஆசையைப் பாக்கிறேல்லை, அண்ணா. போகச் சொன்னால் உடம்பு மறுக்குதோ, அதைத்தான் பாக்கும். இஞ்ச பிடிச்சுப் போய் மறுத்தாலும் ஒரே கோடுதான், அங்க போகப் பயந்து மறுத்தாலும் ஒரே கோடுதான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மறுகணக்கு வந்திட்டுது. ஒன்பது."

நாசரேத் வீட்டுக்கு மேலே அண்ணன் மாடி கட்ட ஆரம்பித்தது ஆறு மாதத்துக்கு முன்பு. ஒவ்வொரு ஞாயிறும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மாடி முழுவதும் சுற்றிக் காட்டுவான். "இது ஒங்க ரெண்டு பேருக்கும்தான்ல. எப்சி, பாத்தியா? ஒனக்குத்தான் இந்த ரூம்" என்பான். ஜெபசிங்கும், இன்னும் ரெண்டே வருசம்ண்ணே, வந்துருவோம் என்பான். அப்போதெல்லாம் எப்சி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். அவளைப் பார்த்ததாகவே நினைவு வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மைதிலியிடம் வாங்கி வந்த தாளை மேசையில் வைத்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை உச்சிகளைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"என் ஒடம்ப வேவு பாக்கக் கையெழுத்துப் போட்டியளா?"

"புதன்கிழமை ரயில்ல..."

"அதுக்கும் பின்னாலயே வந்தியளா?" அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அங்க ஒக்காந்தா ஒரு மணி நேரத்துக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டாவ. யாருக்கும் நான் எங்க இருக்கேன்னு தெரியாது. அவ்வளவுதான்."

"எப்சி. அண்ணன் என்ன செஞ்சான்?"

அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"ஒங்க வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் மூணு தடவை ஒடைஞ்சுது. மூணு தடவையும் பெரியத்தான்தான் ரிப்பேர் பண்ணாவ. நாலாவது தடவை ஒடைஞ்சப்ப மாமி கோயிலுக்குப் போயிருந்தாவ, ஒங்க அண்ணி அவ்வோ அம்மா வீட்டுல. நான் உள்ள இருந்தேன்." அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "மாமிட்டச் சொன்னேன். வெளிய சொன்னா ஒனக்குத்தான் அசிங்கம்னு சொன்னாவ. அப்புறம் ஒங்களுக்குப் போன் பண்ணேன்."

"எனக்கா?"

"ஒங்களுக்குத்தான்."

அப்போது அவனுக்கு நினைவு வந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு. ஆலையில் ஒரு மதிய வேளை, குழாய் வெடித்து முழங்கால் வரை குளிர்ந்த நீரில் நின்றுகொண்டிருந்தான். எப்சி அந்த நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. பெரியத்தான் சரியில்லை, எனக்குப் பயமா இருக்கு, தாழ்ப்பாளே நிக்க மாட்டேங்குது என்று அவள் அழுதாள். அவன் சொன்னான்: அண்ணன்ட்டச் சொல்லு, நல்ல தாழ்ப்பாளா வாங்கிப் போட்டுருவான்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எப்சி அவனைத் தேற்றவில்லை. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் இருவரும் பதினான்காம் சாளரத்தில் நின்றார்கள். மைதிலி முன்கூட்டியே ஒரு படிவத்தை எடுத்து வைத்திருந்தாள்.

"அடைக்கலப் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு. வெளிநாடுகளோட செய்த ஒப்பந்தத்துக்காக வைச்சிருக்கிறாங்கள், யாரும் கேக்கிறேல்லை. திரும்பிப் போனால் ஆபத்து எண்டு நிரூபிச்சால் அஞ்சு வருசம் கட்டணமும் இல்லை, வேர் அளவும் இல்லை. வில்லையையே எடுத்திடுவினம்." எப்சியைப் பார்த்துத்தான் பேசினாள். "ஆரிட்டப் பயம் எண்டு பேர் எழுத வேணும். குடும்பத்தில ஒராள் சாட்சிக் கையெழுத்துப் போட வேணும்."

"நான் போடுதேன்" என்றான் ஜெபசிங்.

"பொறுங்கோ. சாட்சி ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேணும். இது உங்களுக்கு எப்ப முதல் தெரியும்? நேற்றுத்தான் தெரியும் எண்டு எழுதினால், ஒன்பது வந்த உடன சோடிச்ச கதை எண்டு அனேகமாத் தள்ளுபடி செய்வினம். நான் பாத்ததில முக்கால்வாசி அப்பிடித்தான் போனது."

"முன்னாடியே தெரியும்னு எழுதுதேன். அதான் உண்மை."

"அதில இன்னொரு சிக்கல்." மைதிலி அவனுடைய பழைய கோப்பைத் திறந்தாள். "இவவைக் கூப்பிடேக்க நீங்கள் ஒரு உறுதிமொழி குடுத்திருக்கிறீங்கள். மனைவி நாடு திரும்ப ஒரு தடையும் இல்லை எண்டு. அதுக்கு முந்தின தேதியை இப்ப எழுதினால், தெரிஞ்சுகொண்டே பொய் எழுதினதாப் போகும். உங்கட அனுமதி ரத்து. இவ இஞ்ச இருப்பா. நீங்கள் முப்பது நாளில போக வேணும். திரும்பி வரேலாது."

பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். ஜெபசிங் பேனாவை எடுத்தான்.

"இருங்க" என்றாள் எப்சி. முந்தின நாளுக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. "ஒண்ணு சொல்லுங்க. என்னை நம்பிக் கையெழுத்துப் போடுதியளா, அந்தக் கோட்ட நம்பிப் போடுதியளா?"

அவன் வாயைத் திறந்தான். உன்னைத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

"கோட்ட நம்பித்தான்" என்றான். "நீ சொன்னப்ப நான் நம்பல."

அவள் தலையசைத்தாள். மன்னித்ததுபோலவும் இல்லை, கோபப்பட்டதுபோலவும் இல்லை. ஒரு பதிலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதுபோல இருந்தது.

படிவத்தில் அவள் முதலில் எழுதினாள். யாரிடம் பயம் என்ற இடத்தில் தவசிங் என்று எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தியது. பிறகு அவன் பக்கம் நகர்த்தினாள். ஜெபசிங் உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினான். பயத்துக்குக் காரணமானவர் சாட்சிக்கு என்ன உறவு என்ற இடத்தில் உடன்பிறந்த அண்ணன் என்று எழுதினான். எப்போது முதலில் தெரியும் என்ற இடத்தில் வருடத்தை எழுதி, மாதத்தை எழுதி, கொஞ்சம் யோசித்து, மார்ச் பத்தொன்பது என்று முடித்தான். இனி விசாரணைக்காக நாசரேத்தில் அம்மாவுக்கு இந்தப் படிவத்தின் நகல் போகும். அவன் போய் இறங்கினாலும் அந்த வீட்டில் அவனுக்குப் படி ஏற இடம் இருக்காது. ஏறவும் முடியாது.

எப்சி குனிந்து பார்த்தாள்.

"பத்தொன்பது இல்ல. பதினெட்டு."

"அப்படியா?"

"பத்தொன்பதாம் தேதி நீங்க திருப்பிக் கூப்பிட்டிய. தாழ்ப்பாள் சரியாயிட்டுதான்னு கேட்டிய."

அவன் பத்தொன்பதை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினான். அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வேண்டும் என்றாள் மைதிலி. வழவழப்பான பலகையில் தாள் நழுவியது. எழுத்து எங்கெங்கோ போனது. எப்சி இரண்டு விரலால் தாளை நகராமல் பிடித்துக்கொண்டாள்.